வயிற்று டயாலிசிஸ்: பை வீடு தேடி வருகிறது, முதல் மருந்தும் பக்கத்திலேயே கிடைக்கட்டும்

கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆகியோரின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சிஏபிடி, அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர் வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வெளியேற்றி, வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ். அதற்கான திரவப் பை வீட்டுக்கே வருவதும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். இனி, வயிற்றில் தொற்று வந்தால் முதல் சில மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் திட்டமாக்குங்கள்.

நோயாளி தினமும் ஏறக்குறைய நான்கு முறை பை மாற்றுகிறார். ஒவ்வொரு முறையும் குழாயின் முனை சில நொடிகள் திறந்திருக்கும். விரலோ சேலைத் தலைப்போ அதில் பட்டால் போதும், கிருமி உள்ளே போய்விடும். கை கழுவியும் ஈரத்தோடு இணைப்பதே நாங்கள் அதிகம் திருத்தும் தவறு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்காலத்தில் பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்குகிறார்கள். அந்தத் தண்ணீர் இணைப்பு வாயில் தங்கிவிடும். சூடு உலர்ந்ததாக இருக்க வேண்டும். பையோடு ஹீட்டிங் பேடும் கொடுங்கள்.

முனை எதிலாவது பட்டுவிட்டால் திரவத்தை உள்ளே விடக்கூடாது. கிளாம்பை மூடி, புதிய மூடி போட்டு, டிரான்ஸ்ஃபர் செட்டை (வயிற்றுக் குழாயையும் பையையும் இணைக்கும் சிறு குழாய்) மாற்ற மருத்துவமனைக்கு வர வேண்டும். திரவம் உள்ளே போயிருந்தால் தடுப்பு ஆன்டிபயாடிக்கும் தேவை.

வயிற்றிலிருந்து வெளிவந்த திரவப் பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து மங்கினால் அது பெரிடோனிட்டிஸ் (வயிற்று உள்சவ்வில் தொற்று) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பலருக்கு அது வருவதே இல்லை. கலங்கிய பையைக் கொட்டாமல் கையோடு கொண்டுவரட்டும். திரவம் வயிற்றில் குறைந்தது 2 மணி நேரம் இருந்தபின், மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணுக்களும் அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களும் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) இருந்தால் தொற்று உறுதி.

இங்கேதான் சிக்கல். பக்கத்து கிளினிக்கில் முதலில் ஓர் ஊசி போட்டுவிட்டால், பிறகு எடுக்கும் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்தைத் தொடர்வது என்பதே தெரியாது. அஞ்செட்டியிலிருந்து பஸ் பிடித்து கிருஷ்ணகிரி வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும்.

அதனால் தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை அரசு மருத்துவமனைகளில் பிளட் கல்ச்சர் பாட்டில்கள் எப்போதும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 மில்லி திரவம் விட்டால் போதும். மாதிரி எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல், செஃபசோலின், செஃப்டாசிடிம் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை டயாலிசிஸ் பையிலேயே கலந்து வயிற்றுக்குள் விட்டு 6 மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு எதை மாற்றுவது என்று சிறுநீரக மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். பூஞ்சைத் தொற்று என்று தெரிந்தால் கதீட்டரையே (வயிற்றுக் குழாயையே) எடுத்துவிட வேண்டியிருக்கும். அவரை அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

பை கொண்டுபோகும் செவிலியர், குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்போ சீழோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க உத்தரவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
வயிற்று டயாலிசிஸ் செவிலியர்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்