எண்ணோடு அலகும் எழுதப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டியூனிங் மென்பொருள் கொண்டு எஞ்சின் கணினியில் மாற்றம் செய்யப்பட்ட டீசல் லாரிகள் கரும்புகை, இழுவைக் குறைவு, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பழுது என்று பட்டறைக்குத் திரும்பி வரும்போது, முதலில் சென்சாரையும் அடுத்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் கழற்றி மாற்றுவதே வழக்கமாகிவிட்டது. எதையும் கழற்றுவதற்கு முன், சென்சார் தரும் அளவும் மென்பொருள் எதிர்பார்க்கும் அளவும் ஒரே அலகில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும் என்பதை இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வழியாக வலியுறுத்த விரும்புகிறேன்.

பெரும்பாலும் குழப்பம் தொடங்கும் இடம், எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம்தான். அங்குள்ள சென்சார் பொதுவாக வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு முழு அழுத்தத்தையும் அளக்கிறது. பூஸ்ட் மீட்டரோ வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துவிட்டு, பூஸ்ட் எனப்படும் மீதியை மட்டும் காட்டுகிறது. கடல் மட்டத்தில் இந்த வேறுபாடு சுமார் 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பி.எஸ்.ஐ. காற்றுக்கு ஏற்ப டீசலை மட்டுப்படுத்த மென்பொருளில் உள்ள அட்டவணை பூஸ்ட் கணக்கில் எழுதப்பட்டிருக்க, அதற்கு முழு அழுத்தத்தைக் கொடுத்துவிட்டால், டர்போ வேகம் பிடிப்பதற்கு முன்பே ஒரு பார் (100 கிலோபாஸ்கல்) பூஸ்ட் வந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு, இல்லாத காற்றுக்கு டீசலைப் பீய்ச்சும். கரும்புகையும் புகைபோக்கி வாயுவின் மிகை வெப்பமும் அங்கிருந்தே தொடங்குகின்றன. இது தலைகீழாக நடந்தால், போதுமான காற்று இருந்தும் டீசல் குறைக்கப்பட்டு வண்டி இழுக்காது. கழித்ததைச் சரிக்கட்ட எப்போதும் 101ஐக் கூட்டிக்கொள்வதும் தீர்வாகாது. 1,500 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தமே சுமார் 85 கிலோபாஸ்கல்தான்.

பெரிய பிழைகளைவிடச் சிறிய பிழைகளே எனக்கு அதிகக் கவலை அளிக்கின்றன. இன்ஜெக்டர்களுக்கு டீசலை வழங்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலின் அழுத்தத்தில் 1,600 பாரும் 160 மெகாபாஸ்கலும் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் பத்து மடங்கு மாறிவிடும் என்பதால் தவறு உடனே தெரிந்துவிடும். டீசலின் அளவு அப்படியல்ல. சில மென்பொருள்கள் ஒரு பீய்ச்சலுக்கான டீசலை மில்லிகிராமிலும், வேறு சில கன மில்லிமீட்டரிலும் கணக்கிடுகின்றன. டீசலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.83 கிலோ என்பதால், 100 மில்லிகிராம் என்பது சுமார் 120 கன மில்லிமீட்டர். கன மில்லிமீட்டரில் எழுதிய அட்டவணையை மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு டீசல் கூடுதலாகச் செல்லும். பிழைக் குறியீடு எதுவும் வராமலே வண்டி ஓடும், பாரம் ஏற்றிய ஏற்றத்தில் பிஸ்டனும் டர்போவும் வெந்துகொண்டிருக்கும்.

சென்சாரை மாற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. 3 பார் வரை அளக்கும் சென்சாரின் இடத்தில் அதே இணைப்பியில் பொருந்துகிற, 4 பார் வரை அளக்கும் சென்சாரை மாட்டிவிட்டு, வோல்டேஜை அழுத்தமாக மாற்றும் கணக்கைப் பழையபடியே விட்டுவிட்டால், உண்மையில் இருப்பதைவிடக் குறைந்த அழுத்தமே கணினிக்குத் தெரியும். அதை ஈடுகட்ட அது டர்போவை மேலும் முடுக்கும்.

இவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, திரையில் வரும் எண்களைப் படித்தால் போதும். கடல் மட்டத்தில் மேனிஃபோல்டு அழுத்தம் 101 என்று வந்தால் கிலோபாஸ்கல், 14.7 என்று வந்தால் பி.எஸ்.ஐ., பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் வளிமண்டல அழுத்தம் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. கூலன்ட், உள்வரும் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலைகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண தெர்மாமீட்டர் 30 டிகிரி செல்சியஸ் காட்டும்போது திரையில் 86 வந்தால் அது ஃபாரன்ஹீட். மைனஸ் 40ஐ மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வயர் அறுந்த வெப்பநிலை சென்சாருக்குப் பெரும்பாலும் அந்த எண்ணே வரும். இரண்டு அளவுகோல்களிலும் அது ஒரே புள்ளி. டீசல் அளவின் அலகை மட்டும் இப்படிச் சோதித்து அறிய முடியாது. அட்டவணையின் விளக்கக் குறிப்பில்தான் பார்த்தாக வேண்டும்.

ஆகவே, மென்பொருள் தயாரிப்போர் ஒவ்வோர் அட்டவணையின் இரு அச்சுகளிலும் அலகையும், அழுத்தமாக இருந்தால் அது முழு அழுத்தமா பூஸ்டா என்பதையும், மறைக்கவோ நீக்கவோ முடியாதபடி அச்சிட வேண்டும். டியூனிங் செய்வோர் சாவி திருப்பிய நிலையில் கண்ட அளவுகளை அலகுகளோடு ஜாப் கார்டில் எழுதி, வண்டி உரிமையாளரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் வண்டியைப் பெற்றுக்கொள்ள வேண்டாம் என்று லாரி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர்