உன் அகாடமியில் சேர வந்தவர்கள்

அன்புள்ள செழியா,

இங்கே நானும் அம்மாவும் நலம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி நீங்கள் விளையாடப்போகும் அந்த அகாடமிக் கதைக்காக நீ அனுப்பிய கேரக்டர் ஷீட்டுகளை, அதாவது பாத்திரக் குறிப்புகளை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். யாரோடும் ஒட்டாத மேதை, எதற்கெடுத்தாலும் விதி பேசும் மாணவர் பேரவைத் தலைவி, பெரிய குடும்பத்து வாரிசு, வருஷ நடுவில் வந்து சேரும் புதுப் பையன், கை நீட்டுகிற முரடன். "இதெல்லாம் அரைத்த மாவு, அதுவும் முப்பது வயதுக்கு மேல் காலேஜ் பசங்களாக நடிப்பதா" என்று உன் கூட்டத்தில் ஒருவர் சொன்னதையும், கேம்பெயினையே, அந்தத் தொடர் ஆட்டத்தையே, விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதையும் எழுதியிருந்தாய். விடாதே. கல்லூரி நூலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

பழைய மாவு என்பது உண்மைதான். 1857-இல் தாமஸ் ஹியூஸ் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியை வைத்து எழுதிய கதையிலேயே புதுப் பையன் இருக்கிறான், அவனுக்கு ஊர் நடப்பு சொல்லித் தரும் தோழன் இருக்கிறான், சின்னப் பையன்களை வதைக்கும் ஃப்ளாஷ்மேன் என்ற சீனியர் இருக்கிறான். இத்தனை வருஷமாக இவர்கள் செத்துப்போகாமல் இருக்கிறார்கள் என்றால் அவர்களிடம் ஏதோ சத்து இருக்கிறது.

நாவலாசிரியருக்கு முந்நூறு பக்கம் உண்டு. நிதானமாக ஒரு ஆளைக் காட்டலாம். உங்களுக்கு அப்படி இல்லை. ஐந்து பேர், ஒரு ராத்திரி, மூன்று மணி நேரம். அடுத்தவர் யாரைக் கொண்டு வந்திருக்கிறார் என்பது பத்து நிமிஷத்தில் பிடிபடாவிட்டால் கதை நகராது. 'பேரவைத் தலைவி' என்றதும் அவள் எதைப் பொறுக்கமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. உடனே முரடன் அவள் கண்முன்னே சுவர் ஏறிக் குதிக்கலாம், வாரிசு அவளிடம் சலுகை கேட்கலாம்.

நம் அகப்பாடல்கள் நின்றதே இந்த வசதியில்தான். "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்கிறது தொல்காப்பியம். தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், அவ்வளவுதான். யாருக்கும் பெயர் கிடையாது. குறுந்தொகைக்காரர்களுக்கு நாலு முதல் எட்டு அடிக்குள் வேலை முடிய வேண்டும். தோழி பேசுகிறாள் என்று தெரிந்த கணமே அவளுக்கு என்ன கவலை, யாரிடம் மறைக்கிறாள் என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். மிச்சமிருக்கிற அடி முழுவதும் அந்த ஒரு தோழியின் குரலுக்கே. ஒரே தோழியை நூறு புலவர்கள் பாடினார்கள், நூறும் வேறு வேறு. அச்சில் வார்த்த கேரக்டர் என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

அகாடமி என்ற இடத்துக்கும் தனியாக ஒரு பலம் இருக்கிறது. ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள்கூட மறுநாள் காலை அதே அறையில் உட்கார்ந்தாக வேண்டும். ஜப்பானியக் கதைகளில் கடைசி வரிசை ஜன்னலோர இருக்கை ஏன் அவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அங்கே பெரும்பாலும் மாணவர்கள் ஒரே வகுப்பறையில் இருப்பார்கள், ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். எந்த இருக்கை கிடைக்கிறதோ அதுதான் நாளெல்லாம் நீ பார்க்கும் உலகம். புதுப் பையன் கரும்பலகைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிவிட்டு எங்கே போய் உட்காருகிறான் என்பதிலேயே பாதிக் கதை தொடங்கிவிடுகிறது. இதே மாதிரி ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரர்கள் 2021-இல் கொண்டுவந்த ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் என்ற மந்திரக் கல்லூரிப் புத்தகத்தில் பரீட்சை, மன்றங்கள், பகுதிநேர வேலை எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்தது. பூதத்தோடு சண்டை போடுகிறவனுக்கும் மறுநாள் தேர்வு உண்டு.

ஆனால் நீ அனுப்பியதில் என்னை அசைத்தது 2016-இல் வந்த அந்த மாஸ்க்ஸ் விதிப்புத்தகம்தான், பதின்ம வயது சூப்பர்ஹீரோக்களாக ஆடும் ஆட்டம். இரண்டு தடவை படித்தேன். பிள்ளைகளின் பலத்தை உடம்பு வலு, புத்தி என்று அளக்காமல், ஆபத்தானவன், விசித்திரமானவன், காப்பாற்றுகிறவன், மேலானவன், சாதாரணன் என்று அவன் தன்னை எப்படிப் பார்க்கிறான் என்பதற்கு எண் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும்போதே பெரியவர்கள் எல்லாருக்கும் அவன் மேல் ஒரு பிடி இருக்கிறது. ஒரு பேராசிரியர் "உன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து" என்று சொல்லிவிட்டால் ஆபத்து ஏறும், சாதாரணம் இறங்கலாம். அதற்கப்புறம் அவனுக்கு அடிப்பது சுலபமாகிறது, அழுகிற நண்பனைத் தேற்றுவது கடினமாகிறது. அவர் சொன்னதை ஏற்கமாட்டேன் என்று மறுக்கலாம், ஆனால் அதற்கும் பகடை விழ வேண்டும். கல்லூரிக்குள் வருஷக்கணக்கில் நான் பார்த்ததை இவ்வளவு சரியாக ஒரு விளையாட்டு விதியில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

முப்பது வயதுக்காரர் ஏன் மறுபடி மாணவனாக வேண்டும் என்பதற்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன். போலந்தில் சோஹா என்ற கோட்டையில் 2014 முதல் மந்திரக் கல்லூரி ஒன்று, நேரில் நடித்து ஆடும் விளையாட்டாக, நடந்திருக்கிறது. வளர்ந்த மனிதர்கள் பல நாடுகளிலிருந்து வந்து, சீருடை போட்டுக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்து, எந்த இல்லம், அதாவது எந்த மாணவர் அணி, நம்மைச் சேர்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பார்களாம். வீட்டிலும் ஆபீஸிலும் அவர்கள் யார் என்று மற்றவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவனைப் பற்றி இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. அந்த இடத்தில் மறுபடி நிற்க ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, இப்போது உன் மேதையைப் பற்றி. அவன் மேதை என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறாய். எங்கள் கல்லூரியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பையன் ஒருவன் இருந்தான். சாயங்காலம் மூன்றாவது மின்விசிறிக்குக் கீழேதான் உட்காருவான், தலை நிமிரமாட்டான். புத்தகங்களை அடுக்கப் போனபோது ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டுக்குள் மாத நாவல். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடவில்லை; கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சார், யார் கொலை பண்ணினாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றான். அவனை மேதை என்று நினைத்து யாரும் கதைப் புத்தகம் பற்றி அவனிடம் பேசியதே இல்லை. உன் மேதையும் எதையாவது நோட்டுக்குள் வைத்திருக்கட்டும். மற்ற நால்வரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்று. உன் அகாடமியில் எல்லாரும் விடுதியில் இருக்கிறார்கள். பஸ்ஸில் வந்து போகிற பெண் ஒருத்தியைச் சேரேன். எங்கள் ஊர்ப் பக்கம் கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாதவர்கள் உண்டு. ஆண்டு விழா உச்சத்தில் இருக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். யார் பாடினார்கள், யார் சண்டை போட்டார்கள் என்று மறுநாள் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். உன் கதையில் ராத்திரி நடக்கிற மர்மம் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் மதில் சுவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்படி ஒருத்தியை நான் எந்த விதிப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. உனக்கு இவர்களைத் தெரியும், உன் வகுப்பிலேயே இருந்தார்கள்.

அரைத்த மாவு என்று சொன்ன நண்பரிடமே அந்தக் கேரக்டரைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்குச் சரி என்று பட்டால் செய். பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடு, நடுவில் மாற்றாதே. முதல் ஆட்டம் முடிந்ததும் போன் பண்ணு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன். அம்மா பருப்புப் பொடியும் வடகமும் பார்சல் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா