கும்மிக் களத்தில் பெரியவர்களுக்கும் ஒரு வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஊர்களில் பொழுது சாய்ந்ததும் கோயில் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. அப்பாருகளும் ஆத்தாக்களும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்களையும் களத்தில் இறக்குங்கள்.

நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதோடு சுருங்கும். ஓயாத கவலையில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனும் அதைத்தான் தாக்குகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தோட்டத்து வீட்டில் தனித்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை வெளியே தெரியாமலே சேரும். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர் பங்கேற்றனர். வாரம் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஓராண்டில் அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்தது. கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. நடந்தவர்களும் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, 7-ஆம் வாரத்தில்தான் 40-ஐத் தொட்டார்கள். நம் ஊரில் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, முட்டி வீங்கி, மறுவாரமே விட்டுவிடுகிறார்கள்.

கும்மியில் கால் மட்டும் வேலை செய்வதில்லை. பாட்டைக் கேட்டு, அடுத்த அடியை நினைவில் வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப் போக வேண்டும். தனியாக நடப்பதில் இது கிடைக்காது. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு வயது 87.

கும்மி வாத்தியார்கள் பெரியவர்களுக்கெனத் தனி வரிசை அமைத்து, தாளத்தைக் குறைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டும் கால் அடியும் பழகட்டும். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் சரியான வேகம். அதனால் பாட்டை இளையவர்கள் பாடட்டும். சட்டென்று சுற்றித் திரும்பும் அடிகள் வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றலாம். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலில் ஆடினால் கல் குத்தியதுகூடத் தெரியாது. பின்வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், ஆடும்போது சர்க்கரை இறங்கினால் வாயில் போட, மடியில் நாலு சர்க்கரை மிட்டாய் வைத்திருக்கட்டும். நெஞ்சு இறுகினால் ஆட்டத்தை உடனே நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

திடலில் ஒரு விளக்கு கூடுதலாகவும், ஓரத்தில் கைப்பிடி உள்ள பத்து நாற்காலிகளும் போட ஊராட்சிகள் முன்வர வேண்டும்.

இயன்முறை மருத்துவர்கள்,
கோபிசெட்டிபாளையம்