பிள்ளைகள் பொழுதைக் கழிக்கவில்லை ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்த ஜப்பான் கலாச்சார நிகழ்ச்சி பற்றிச் செய்தியும் படமும் வந்திருந்தன. "மாணவ, மாணவியர் காகிதக் கொக்கு செய்தும் கிமோனோ அணிந்தும் உற்சாகமாகப் பொழுதைக் கழித்தனர்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வகுப்பை நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. பொழுது கழிந்தது உண்மைதான், யாருடைய பொழுது என்பதுதான் கேள்வி.

முதலில் படம். முன்வரிசைப் பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அங்கியின் வலப்பக்கம் மேலே வருமாறு கட்டியிருக்கிறது. அச்சில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டீர்களோ என்று பார்த்தேன். பின்னால் கரும்பலகை எழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஜப்பானில் உயிரோடு இருப்பவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, உடுத்துபவரின் இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கத்தை மேலே போடுவது பிணத்துக்கு. என்னோடு வந்திருந்த ஜப்பானியப் பெண்மணி (கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார்) அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள்" என்று மட்டும் பதில் அனுப்பினார். அவர் பண்பு அது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இது எப்படி நடந்தது தெரியுமா? அப்போது நாங்கள் தூரிகை எழுத்து வகுப்பில் இருந்தோம். மைக்கட்டியைக் கல்லில் வைத்து, சொட்டு நீர் விட்டு, மெதுவாக உரச வேண்டும். மை கறுத்து வரச் சில நிமிடங்கள் ஆகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருவரும் அதட்டத் தேவையில்லை. சரியாக அந்த நேரத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "மேடம், இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், போட்டோகிராபர் வந்துட்டார், டிரஸ்ஸைப் போட்டுடலாமா?" என்றார். பிள்ளைகள் மைக்கையோடு எழுந்து ஓடினார்கள். நாங்கள் கல்லைக் கழுவுவதற்குள் யார் யாரோ யுகாட்டாவை (கோடைக்கான பருத்திக் கிமோனோ) மாட்டிவிட்டார்கள். பையன்களுக்கு உடை கிடையாதாம், அவர்களுக்குக் கராத்தே போதுமாம்.

உங்கள் நிருபர் கொக்கு மடித்த நேரத்தில் இருந்திருந்தால் "பொழுது" என்ற சொல் வந்திருக்காது. பதினைந்து சென்டிமீட்டர் சதுரக் காகிதம், கத்தரி கிடையாது, பசை கிடையாது. பாதி வழியில், மேல் மடிப்பைத் தூக்கி இரு ஓரங்களையும் உள்ளே ஒடுக்கும் இடத்தில் எல்லோருமே திணறுவார்கள். ஒரு பையனுக்குக் காகிதம் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. அவன் கையிலிருந்து நான் வாங்கப் போனபோது அந்த ஜப்பானிய அம்மா என்னைத் தடுத்தார். அவன் முழுவதையும் பிரித்து, பழைய மடிப்புக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தான். அதன் பிறகுதான், நோய்ப் படுக்கையில் காகிதக் கொக்குகள் மடித்த ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகியைப் பற்றிச் சொன்னோம். அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயது, 1955-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது பன்னிரண்டு. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

ஜப்பான் என்றாலே நம் பத்திரிகைகளுக்கு மூன்று செய்திதான். ரஜினி படம் அங்கே ஓடியது, புல்லட் ரயில் நேரம் தவறாது, தமிழும் ஜப்பானியமும் உறவு. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார், உண்மை. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்ற அடுத்த வரியை மட்டும் யாரும் போடுவதில்லை. நான்காவதாக ஒன்று, அங்கே பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்குகிறார்கள், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மதிய உணவு பரிமாறுகிறார்கள் என்ற வியப்பு. நீங்களும் எழுதினீர்கள். அதைப் படித்துப் பாராட்டிய பெற்றோர்களில் சிலர்தான், மை சிந்திய பெஞ்சைப் பிள்ளைகளே துடைக்கட்டும் என்று நாங்கள் சொன்னதற்கு, "துடைக்க வைக்கவா ஃபீஸ் கட்டுறோம்?" என்று பள்ளிக்குப் போன் போட்டார்கள். சில பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கழிப்பறை கழுவ அனுப்பும் அக்கிரமத்தை நான் சொல்லவில்லை. எல்லோரும், ஆசிரியரும் சேர்ந்து, அவரவர் சிந்தியதைத் துடைப்பது.

நாங்கள் யாரிடமும் காசு வாங்குவதில்லை. காகிதமும் மைக்கட்டியும் எங்கள் செலவு. ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியட் கேட்டால், நான்கு செக்‌ஷனையும் ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் தருகிறார்கள். அதில் சால்வைக்குப் பத்து நிமிடம். இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன, உங்களுக்குத் தெரியாததா.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம். உடையின் இடப்பக்கம் மேலே வர வேண்டும் என்று ஒரு வரி. அதற்கு இடமில்லை என்றால் இணையப் பதிப்பிலிருந்து அந்தப் படத்தையாவது எடுத்துவிடுங்கள், பெற்றோர் யாராவது பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டுவதற்குள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
குரோம்பேட்டை