ஜாடிகளில் கைகளைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் ஏதென்ஸ் போவதாக எழுதியிருந்தாய். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பண்டைய கிரேக்கர்கள் ஓவியம் தீட்டிய ஜாடிகளின் முன் நிற்கும்போது, இவர் ஜீயஸ், இவள் அத்தீனா என்று தெய்வங்களின் பெயர் தேடுவதிலேயே பொழுதைக் கழிக்காதே. பெயர்ப்பலகை அதைச் சொல்லிவிடும். கைகளைப் பார். கையில் என்ன இருக்கிறது, அந்தக் கை என்ன செய்கிறது? அந்தக் கிரேக்கர்களிடம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் மறைநூல் இருக்கவில்லை. செய்முறைதான் அவர்கள் சமயம். ஓவியனும் அதைத்தான் வரைந்தான்.

பலியிலிருந்து தொடங்கு. அது கோயிலுக்குள் நடந்ததாக நினைத்துக்கொள்ளாதே. உள்ளே இருந்தவை சிலையும் காணிக்கைகளும். பலிபீடம் வெளியே வெட்டவெளியில், பெரும்பாலும் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும். கல்யாணமாகாத பெண் ஒருத்தி தலையில் கூடையோடு முன்னால் வருவாள். கூடையில் வாற்கோதுமை, அதற்கடியில் கத்தி. எல்லோரும் கை கழுவுவார்கள், விலங்கின் தலையிலும் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையை ஆட்டினால் சம்மதம் என்று பழைய பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்லும். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. பிறகு வாற்கோதுமையைத் தூவி, நெற்றி மயிரைக் கொஞ்சம் வெட்டித் தீயில் போடுவார்கள். கழுத்தை அறுக்கும்போது பெண்கள் குலவையிடுவார்கள். ரத்தம் பீடத்துக்கு.

தெய்வத்தின் பங்கு, கொழுப்பில் சுற்றி எரித்த தொடை எலும்பும் அதன் புகையும்தான். கறி மனிதருக்கு. ஈரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றை நீண்ட கம்பிகளில் கோத்து அங்கேயே சுட்டு முதலில் தின்பார்கள். மிச்சத்தை வேகவைத்துப் பங்கு போடுவார்கள். தோல் பல இடங்களில் பூசாரிக்குப் போகும். வெட்டும் கணத்தை ஓவியர்கள் அபூர்வமாகத்தான் வரைந்தார்கள். ஊர்வலமும் கம்பி பிடித்த பையன்களும்தான் நிறையக் கிடைக்கும். பீடத்தின் தீயில் கொம்பு மாதிரி ஏதோ மேல்நோக்கி வளைந்து நிற்கும். அது கொம்பு இல்லை, வால். சூட்டில் தசைநாண் சுருங்குவதால் வால் மேலே வளையும். வளைந்தால் நல்ல சகுனம்.

அடுத்து ஃபியாலே. கைப்பிடியில்லாத, ஆழமில்லாத கிண்ணம், நடுவில் புடைப்பு. அடியில் அந்தப் புடைப்பு குழியாக இருக்கும். அதில் விரலைக் கொடுத்தால் ஒரே கையால் நழுவாமல் சாய்க்கலாம். தெய்வத்துக்கு ஒயின் ஊற்றும் பாத்திரம் இதுதான். விருந்தில் ஒயினில் தண்ணீர் கலக்கும் மூன்று கலப்புச்சாடிகளிலிருந்தும் முதல் ஊற்றல் வழிபாட்டுக்குத்தான்: ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களுக்கு, இறந்தபின் வழிபடப்பட்ட வீரர்களுக்கு, பிறகு காக்கும் ஜீயஸுக்கு. வேடிக்கை என்னவென்றால், தெய்வங்களே ஃபியாலே பிடித்து ஊற்றுவதாகவும் வரைந்திருக்கிறார்கள். அப்போலோ தெய்வத்தின் தலமான டெல்ஃபிக்கும் போனால் அங்கே அருங்காட்சியகத்தில் வெள்ளைப் பூச்சுக் கிண்ணத்தில் யாழோடு உட்கார்ந்து ஊற்றும் அப்போலோவைப் பார். அவன் யாருக்கு ஊற்றுகிறான் என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. மனிதரிடம் எதிர்பார்க்கும் முறையைத் தெய்வமே செய்து காட்டுகிறது என்பது என் கணிப்பு.

வீட்டுத் தெய்வங்கள் கண்ணாடிப் பெட்டியில் அவ்வளவாகக் கிடைக்காது, ஏனென்றால் பல வெறும் பாத்திரங்கள். சேமிப்பறையைக் காக்கும் ஜீயஸ் ஒரு ஜாடிதான். அதன் காதுகளில் வெள்ளைக் கம்பளி சுற்றி, உள்ளே தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைப் பழங்கள் போடுவார்கள். முற்றத்தில் வேலி காக்கும் ஜீயஸின் பீடம் இருக்கும். ஏதென்ஸில் ஆர்கோன் என்ற உயர் அதிகாரி பதவிக்கு வருபவனிடம் பெற்றோர் பெயரோடு, அந்த ஜீயஸின் பீடம் எங்கே என்றும் கேட்டார்கள். தெருவாசலில் ஹெர்மீஸ் தெய்வத்தின் சதுரக் கல்தூண். கி.மு. 415இல் சிசிலிப் படையெடுப்புக்கு முன் ஓர் இரவில் இந்தத் தூண்களை யாரோ உடைத்தபோது ஊரே நடுங்கிப்போனது.

ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் உள்ள பார்த்தினான் கோயிலுக்காகச் சிற்பி ஃபிடியாஸ் பொன்னாலும் தந்தத்தாலும் செய்த அத்தீனா சிலை (கி.மு. 438) இப்போது இல்லை. சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள ரோமானியக் காலப் பிரதி ஒன்று இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தவறவிடாதே. மூலச்சிலையின் பொன் மட்டும் அக்கால எடையில் 40 தாலந்து, அதாவது 1,000 கிலோவுக்கு மேல். கழற்றக்கூடியதாகவே செய்தார்கள். போர்க்காலத்தில் எடுத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பி வைக்க வேண்டும். தந்தம்தான் தொல்லை. அக்ரோபொலிஸ் வறண்ட இடம், தந்தம் வெடித்துவிடும், அதனால் தண்ணீர் வைத்தார்கள். ஒலிம்பியா என்ற தலம் சதுப்பு நிலம், அங்கே ஈரம் கெடுக்கும், அதனால் அங்கிருந்த ஜீயஸின் தந்தச் சிலைக்கு எண்ணெய். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த பாசேனியாஸ் எழுதிவைத்த விவரம் இது.

கடைசியாகப் பரிசு ஜாடிகள். அத்தீனாவின் விழாவில் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிக் கொடுத்தவை. ஒரு பக்கம் ஆயுதமேந்திய அத்தீனா, மறுபக்கம் போட்டி. கறுப்புப் பின்னணியில் உருவங்களைச் சிவப்பாக விடும் சிவப்பு உருவ ஓவியம் வந்த பிறகும், இவற்றை மட்டும் உருவங்களைக் கறுப்பாகத் தீட்டும் பழைய கறுப்பு உருவ முறையிலேயே தீட்டினார்கள். அத்தீனா எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று கவனி. இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் வலப்பக்கம் திரும்பிவிடுகிறாள். பலகையைப் படிக்காமலே காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அம்மா