பார்வையற்ற எங்கள் தோழிக்குச் சரவாக்கைக் காட்டியவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நாங்கள், பொர்னியோ தீவின் வடமேற்கில் உள்ள சரவாக் மாநிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பினோம். எங்களுள் ஒருவர் கண் அழுத்த நோயால் பார்வையை முற்றிலும் இழந்தவர். பள்ளியில் பல ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவர் அவர். பொர்னியோவின் காட்டைப் பற்றி மாணவர்களுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்திருந்தும் அங்கே சென்றதே இல்லை. புறப்படுவதற்கு முன் நாங்கள் அணுகிய ஒரு பயண முகவர், "பார்க்க முடியாதவருக்கு இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரவாக் மக்கள் தங்கள் செயலால் விடை தந்தார்கள். அவர்களுக்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறோம்.

1963ஆம் ஆண்டு மலேசிய ஒப்பந்தத்தின் வழியாகச் சரவாக்கிற்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் இருப்பதால், தீபகற்ப மலேசியாவிலிருந்து செல்லும் மலேசியர்களும் சரவாக்கின் தலைநகரான கூச்சிங்கின் விமான நிலையத்தில் சோதனையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். அங்கே பணியிலிருந்த பெண் அதிகாரி தம் இருக்கையை விட்டு எழுந்து வந்து, எங்கள் தோழியின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றதோடு, அனுமதிச் சீட்டில் இருந்ததையும் முழுமையாகப் படித்துக் காட்டினார். எங்கள் முதல் நன்றி அவருக்கு உரியது.

கூச்சிங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத செமெங்கோ வனவிலங்கு மையம் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆதரவிழந்த ஒராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்குகள் அங்கே காட்டு வாழ்க்கைக்குத் திரும்பப் பழகின. இன்று அவையும் அவற்றின் வழித்தோன்றல்களும் சுற்றியுள்ள காட்டில் கட்டின்றித் திரிகின்றன. காலையும் பிற்பகலும் மேடையில் பழங்கள் வைக்கப்பட்டாலும், வருவதும் வராமலிருப்பதும் அவற்றின் விருப்பம். நாங்கள் சென்ற காலையில் ஒன்றும் வரவில்லை. பயணிகளிடையே முணுமுணுப்பு எழுந்தபோது, அங்கிருந்த வனக்காவலர், காட்டில் பழங்கள் பழுத்திருக்கும் பருவத்தில் அவை மேடையை நாடுவதில்லை என்றும், தாமே இரை தேடிக்கொள்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை என்றும் பொறுமையாக விளக்கினார். வந்தவர்களை மகிழ்விப்பதற்காக விலங்கை வருத்தாத அந்த உறுதிக்கு நாங்கள் தலைவணங்குகிறோம்.

பிற்பகலில் தாய் ஒன்று குட்டியோடு வந்தது. அந்தக் காவலர் எங்கள் தோழியின் அருகில் நின்று, தாழ்ந்த குரலில், "இப்போது இடது கையை நீட்டுகிறது, குட்டி வயிற்றோடு ஒட்டியிருக்கிறது, பெரிய கிளை வளைகிறது, கேளுங்கள்" என்று மலாயில் ஒவ்வொரு அசைவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். குட்டி ஏழெட்டு ஆண்டுகள் தாயோடு இருந்து காட்டைக் கற்றுக்கொள்ளும் என்பதைத் தோழி அவருக்குச் சொல்ல, தாம் நேரில் கண்ட தாய்களையும் குட்டிகளையும் பற்றி அவர் திருப்பிச் சொன்னார். ஆசிரியர்கள் இருவர் பேசிக்கொண்டதைப் போலவே எங்களுக்குப் பட்டது. 2016 முதல் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ள பொர்னியோ ஒராங் ஊத்தானுக்கு இத்தகைய காவலர்கள் இருப்பது பெரும் ஆறுதல்.

சரவாக்கின் பழங்குடியினரான பிடாயு மக்கள் பல குடும்பங்களாக ஒரே கூரையின்கீழ் வாழும் அன்னா ராய்ஸ் நீள்வீட்டில் மூங்கில் பிளந்து பரப்பிய தளம் காலடியில் நெகிழ்ந்து கொடுக்கும். பழக்கமில்லாதவர்களுக்குப் பார்வை இருந்தாலும் தடுமாற்றம்தான். அவ்வீட்டு மூதாட்டி ஒருவர் தோழிக்கு முன்னால் நடந்து, எந்த மூங்கில் உறுதியானது என்பதைக் காலால் தட்டி ஒலியெழுப்பிக் காட்டினார். பழைய போர்களில் கொண்டுவரப்பட்ட மண்டையோடுகள் வைக்கப்பட்டிருக்கும் கூடத்தைப் பற்றி நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவற்றுக்கும் அக்குடும்பத்தார் மறைக்காமல் பதில் கூறினார்கள். மூங்கில் குழாயில் வேகவைத்த கோழிக்கும் சேர்த்து அவர்களுக்கு எங்கள் நன்றி.

மிரியிலிருந்து சிறு விமானத்தில் முலு சென்றோம். 2000ஆம் ஆண்டு உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இந்தத் தேசியப் பூங்காவின் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பல லட்சம் ஆண்டுகளாக மழைநீரும் ஆறும் அரித்துக் குகைகளாக்கியுள்ளன. மான் குகைக்குச் செல்ல மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகக் காட்டினூடே பலகைப் பாதையில் நடக்க வேண்டும். எங்கள் வழிகாட்டி தம் முதுகுப்பையின் பட்டையைத் தோழியின் கையில் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார். அவசரப்படுத்தவில்லை; பரிதாபம் காட்டவும் இல்லை. வழியில் ஒரு மரத்தின் அகன்ற பலகை வேரைத் தொடவைத்து, மண் ஆழமில்லாத இடத்தில் மரம் எவ்வாறு தன்னைத் தாங்கிக்கொள்கிறது என்று விளக்கினார்.

குகை வாயிலில் எச்சத்தின் நெடி எழுந்தபோது மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அவரோ தோழியிடம் அந்த நெடியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார்: வெளியே பூச்சிகளைத் தின்று திரும்பும் வௌவால்களின் எச்சம் தரையில் குவிகிறது, அதை நம்பிக் கரப்பான் முதலிய பூச்சிகள் வாழ்கின்றன, வெயிலே படாத குகைக்குள் இவ்வாறு ஓர் உணவுச் சங்கிலி நடைபெறுகிறது என்று அவர் கூறக் கூற, நாங்களும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினோம். நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த அக்குகையின் அளவை உணர்த்த, அவர் எல்லாரையும் பேசாமலிருக்கச் சொன்னார். கூரையிலிருந்து சொட்டும் நீர் தரையில் விழும் ஓசை எங்கெங்கிருந்தோ வந்தது. மேலே எவ்வளவு வெளி இருக்கிறது என்பதை எங்கள் எல்லாரையும்விடத் தோழியே முதலில் சரியாகக் கூறினார்.

மாலையில் வௌவால்கள் வெளியேறும் காட்சிக்காகத் திறந்த வெளியில் காத்திருந்தோம். மழை பெய்தால் அவை வருவதில்லை. அன்று வானம் தெளிந்திருந்தது. சுமார் 30 லட்சம் என்று மதிப்பிடப்படும் அக்கூட்டம், காத்திருக்கும் வௌவால் பருந்துகளிடமிருந்து தப்புவதற்காகச் சுருள் சுருளாக நெளிந்து செல்கிறது. அந்த நெளிவை வழிகாட்டி தோழியின் உள்ளங்கையில் தம் விரலால் வரைந்துகொண்டே இருந்தார். ஒரு சுருள் முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு முறையும் விரலை எடுத்து மீண்டும் வைத்தார். இந்தப் பயணம் முழுவதிலும் நாங்கள் பெற்ற மிகப் பெரிய உதவி அதுவே என்று கருதுகிறோம். அந்த இளைஞருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் எங்களுக்கு நிறைவு வராது.

தெளிநீர்க் குகைக்குச் செல்லும் வழியில் மெலினாவ் ஆற்றில் நீர் குறைந்த இடங்களில் இறங்கிப் படகைத் தள்ளிய படகோட்டிகளுக்கும், பத்து புங்கான் என்னும் சிற்றூரில் பிரம்புக் கூடையின் பின்னலைத் தோழியின் விரல்களுக்குப் படிக்கக் கொடுத்த பெனான் பழங்குடிப் பெண்களுக்கும், கூச்சிங்கில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொர்னியோ பண்பாட்டு அருங்காட்சியகத்தில் தளம் தளமாக விளக்கம் சொன்ன ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஊர் திரும்புவதற்கு முன் மாத்தாங் மலையின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். சார்லஸ் புரூக் சரவாக்கை ஆண்ட காலத்தில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்ட தமிழர்கள் அதை எழுப்பினார்கள். தோட்டம் மூடப்பட்டு அவர்கள் கலைந்த பின் கோயிலைக் காடு மூடிக்கொள்ள, பின்வந்தவர்கள் அதைக் கண்டெடுத்து மீண்டும் வழிபாட்டிற்குக் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கையில் குறைந்த ஒரு சமூகம் அந்த மலைமேல் கோயிலைப் பராமரித்து வருவது எளிய செயலன்று. எங்களைத் தங்கள் வண்டியில் ஏற்றிச் சென்று, தோழியைக் கோயில் தூணிலும் படியிலும் கைவைத்து நடக்கச் செய்து, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைச் சொன்ன கோயில் அன்பர்களுக்குத் தனியாக நன்றி கூறுகிறோம்.

இம்மடலின் மலாய் மொழிபெயர்ப்பைச் செமெங்கோவுக்கும் முலு பூங்கா அலுவலகத்திற்கும் அன்னா ராய்ஸ் குடும்பத்தாருக்கும் அஞ்சலில் அனுப்பியுள்ளோம். தோழி தம் குரலிலேயே பதிவு செய்த பயண விவரத்தையும் வழிகாட்டிக்கு அனுப்பியிருக்கிறோம். பார்வையற்ற வேறு பயணிகளை அழைத்துச் செல்லும்போது எது உதவியது, எங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பதை அதில் அவர் விரிவாகக் கூறியுள்ளார்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்,
பேராக்