பார்ட் டைம் பார்த்தே படிச்சிடலாமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் கல்விக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், பதிவு மேசையில் உட்காரும் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் ஆலய மண்டபத்தில் நீங்கள் நடத்திய வெளிநாட்டுக் கல்விக் கருத்தரங்குக்கு நானும் வந்திருந்தேன். தம்பிக்கு டிப்ளோமா முடியப்போகிறது. "நீயும் வா, போய்ட்டு வந்தவ நீதானே" என்று அம்மா இழுத்து வந்தார். கடைசி வரிசையில் சுவரோரமாக இடம் கிடைத்தது. தோட்டத்தில் வேலை முடிந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு நேராக வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

கேள்வி நேரத்தில் ஒரு அப்பா எழுந்து, "சார், ஃபீஸுதான் எப்படின்னு யோசனையா இருக்கு" என்றார். மேடையில் இருந்த ஏஜெண்டு சிரித்துக்கொண்டே, "கவலைப்படாதீங்கண்ணே. வாரத்துக்கு இருபத்தஞ்சு மணி நேரம் பார்ட் டைம் பார்த்தா பையனே கட்டிக்குவான்" என்றார். மண்டபம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2023 கடைசியில் அதே மண்டபத்தில் இதே பேச்சைக் கேட்டு நானும் கைதட்டினேன். அப்பா செம்பனையில் குலை வெட்டுபவர். அம்மா உதிர்ந்து விழும் லூஸ் பழம் பொறுக்குவார். அப்பா இ.பி.எஃப். என்ற ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்தார், அம்மா இரண்டு கூட்டுச் சீட்டை முன்னதாகவே எடுத்தார், மாமா கொஞ்சம் கொடுத்தார். 2024 பிப்ரவரியில் மெல்பர்ன் போய் இறங்கினேன். எனக்கு வேலை கிடைக்க ஒன்பது வாரம் ஆனது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது அக்கவுண்ட்ஸ். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் போனவர், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2023 ஜூலை முதல் அதுதான் சட்டம். படிப்புத் தொடங்கும் முன்பு ஒரு மணி நேரம்கூடச் செய்யக் கூடாது. நான் போனபோது குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23.23 டாலர். நிரந்தரம் இல்லாத கேஷுவல் ஆளுக்கு அதன்மேல் 25 விழுக்காடு சேரும், ஆக 29.04. வாரத்துக்கு 24 மணி நேரம், 52 வாரமும் ஒரு நாள் விடாமல், காய்ச்சல் வராமல், பரீட்சைக்கு லீவு எடுக்காமல் உழைத்தால் 36,242 டாலர். அதில் வரியும் போகும். என் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 36,000. அப்படியானால் வாடகை? சாப்பாடு? டிராம்? செமஸ்டர் விடுமுறையில் எத்தனை மணி நேரமும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் கடைக்காரர் கொடுத்தால்தானே! எனக்குச் சராசரியாகக் கிடைத்தது வாரத்துக்கு 12, 13 மணி நேரம். அது வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் சரியாகப் போனது. கட்டணத்துக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியவில்லை.

விசா விதியே இதைத்தான் சொல்கிறது. ஓராண்டுச் செலவுக்கு இவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் விண்ணப்பித்தபோது அது 24,505 டாலர், 2024 மே மாதம் 29,710 ஆக ஏற்றினார்கள். கட்டணமும் டிக்கெட்டும் அதற்குமேல். அங்கே போய்ச் சம்பாதிக்கப் போகும் சம்பளத்தை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கி மூன்று மாதம் பேங்கில் போட்டுக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மேடையை விட்டு இறங்கியதும் காதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போன ஒரு பையன் மெல்பர்னில் நாங்கள் இருந்த வீட்டுக் கூடத்தில் ஆறு வாரம் மெத்தை போட்டுப் படுத்திருந்தான். அதற்குமேல் அவனைப் பற்றி எழுத மனமில்லை.

சரி, வேலை தேடின கதைக்கு வருகிறேன். இது தம்பி தங்கைகளுக்கு உதவும்.

பிப்ரவரியில் வந்து இறங்கும் மாணவர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் ஒரே தெருவில் வேலை தேடுகிறார்கள். நான் அறுபது ரெஸ்யூம் அச்சடித்துக் கடை கடையாக ஏறினேன். முதல் தப்பு, மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனது. அடுப்படி பற்றி எரியும் நேரத்தில் வந்து நிற்கிறவளை யார் பார்ப்பார்கள்? பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் மேனேஜர் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது தெரியவே நான்கு வாரம் ஆனது. இரண்டாவது தப்பு ரெஸ்யூமிலேயே இருந்தது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் எத்தனை ஏ, தமிழ் மொழிக் கழகச் செயலாளர், வலைப்பந்து மாவட்ட நிலை என்று பக்கம் நிறைய எழுதியிருந்தேன். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: முன்னே எங்கே வேலை செய்தாய்?

எங்கேயும் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அத்தையின் இடியப்பக் கடையில் மூன்று வருடம் நின்றிருக்கிறேன். மழை வந்தால் ஒரு கையால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீதிச் சில்லறை கொடுத்திருக்கிறேன். தேங்காய்ப்பூ தனியாக, நாட்டுச் சர்க்கரை கூட, ஒரு பொட்டலத்துக்குச் சர்க்கரையே வேண்டாம் என்று ஆறு பேர் ஒரே நேரத்தில் கேட்பதை எழுதாமல் மனதில் வைத்திருக்கிறேன். அதை எழுத வெட்கமாக இருந்தது. எழுதினேன்: இரவுச் சந்தை உணவுக் கடை, மூன்று ஆண்டு, பணம் வாங்கும் பொறுப்பு. அந்த வாரமே இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

அதில் ஒன்று நம்மாள் கடை. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பிள்ளையார் படம். முதலாளி "எந்த ஊரும்மா?" என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் நாள் நான்கு மணி நேரம் பாத்திரம் தேய்த்தேன், அது டிரயலாம், சம்பளம் இல்லை. அப்புறம் மணிக்கு 12 டாலர், கையில் ரொக்கம், சம்பளச் சீட்டு கிடையாது. பன்னிரண்டை நம் மலேசிய வெள்ளிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் முப்பத்தைந்துக்கு மேல் வருகிறதே என்று எனக்குப் பெருமை வேறு. நான் ஏமாந்தது அந்த மனக்கணக்கில்தான். சட்டம் சொல்லும் தொகையில் பாதிகூட இல்லை என்று உடன் படித்த நேப்பாளப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. ஆறு வாரத்தில் விட்டுவிட்டேன். அந்தக் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

விசாவில் இருக்கும் மாணவருக்கும் அந்த ஊர்க்காரருக்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம்தான். குறைத்துக் கொடுத்தால் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தில் புகார் செய்யலாம், காசு கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும். இதை யாராவது இங்கேயே சொல்லி அனுப்பியிருந்தால் அந்த ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். வரி எண்ணும் அப்படித்தான். அந்த ஊர் வரி அலுவலகம் அதை இலவசமாகத் தருகிறது, நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எனக்கு அதை எடுத்துத் தர ஏஜெண்டு 300 வெள்ளி வாங்கினார்.

48 மணி நேரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதில் நானே விழப் பார்த்தேன். இரண்டு வாரம் என்பது ஒவ்வொரு திங்களிலும் புதிதாகத் தொடங்கும். முதல் வாரம் 20, இரண்டாவது 28, மூன்றாவது 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் 48, சரி. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 52. விதியை மீறியாயிற்று, விசாவுக்கே ஆபத்து. இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலையும் இதில் அடங்கும். லண்டன் போகிறவர்களுக்கு வேறு கதை: பட்டப்படிப்பென்றால் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், சுயதொழில் கூடாது. அதனால் அந்த ஆப் வேலையில் கைவைக்கவே முடியாது. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வாரத்துக்கு 24. மேடையில் எல்லா நாட்டையும் ஒரே வாயில் "இருபது இருபத்தஞ்சு" என்று அடித்துவிட்டார்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் மண்டபம் பிடித்து, டீ வடை போட்டு, தோட்டந்தோட்டமாகச் சொல்லி ஆள் சேர்க்காவிட்டால் எங்களுக்கு மெல்பர்ன் எந்தத் திசை என்றே தெரிந்திருக்காது. ஆனால் மைக் உங்கள் கையில் இருக்கிறது. ஏஜெண்டு பேசி முடித்ததும் குழுவில் ஒருவர் வெள்ளைப் பலகையில் மூன்று வரி எழுதட்டும்: அந்த நாட்டில் எத்தனை மணி நேரம் அனுமதி, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்காத முதல் மூன்று மாதத்துக்கு எவ்வளவு வேண்டும். கடைசி வரிக்கு எதிரே தொகை எழுத முடியாத குடும்பத்தை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், நம் ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால் வெட்டிய சனங்கள் சிறுகச் சிறுகக் கட்டித்தான் அதில் பங்கு எடுத்தார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம். போய்ச் சேர்ந்து வேலை கிடைக்காமல் திண்டாடும் பிள்ளைக்கு, ஊர் திரும்பியதும் கட்டிவிடுகிறேன் என்ற பேச்சில் ஒரு மாத வாடகை கொடுக்க ஒரு சின்ன நிதி. போய் வந்தவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கமே இருக்கிறோம். முதல் 500 வெள்ளி என்னுடையது.

அப்பா இன்னும் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறார், அறுபது ஆகிறது. எடுத்த பணம் எவ்வளவு திரும்ப வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் போனதற்கு வருத்தப்படவில்லை, தம்பியையும் அனுப்பத்தான் போகிறோம். ஆனால் அடுத்த ஆண்டு. அதுவரை சனிக்கிழமை ராத்திரி அத்தை கடையில் நிற்கிறான்.

அடுத்த கருத்தரங்கு எந்த வாரம் என்று சொல்லுங்கள், ஈப்போவிலிருந்து வந்துவிடுகிறேன். என் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். மேடை வேண்டாம். டீ மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள், கேட்க வருகிறவர்கள் அங்கே வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மண்டபத்தில் கைதட்டிவிட்டுப் போன ஒரு தோட்டத்துப் பெண்